பிள்ளைகளின் பல்லில் தெரியும் போர்வெல் தண்ணீர்

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பல்லைத்தான். இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டதா என்று வாயைத் திறந்து பார்த்தால் போதும். விற்பவர் எந்த வயதைச் சொன்னாலும் பல் சொல்வதுதான் கணக்கு.

மனிதப் பல்லும் ஒரு கணக்கை வைத்திருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டும் பழுப்புக் கோடும் உள்ள பிள்ளைகளைப் பார்க்கலாம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். "ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை" என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்குகிறவர்களும் அவர்களே. பெண் பிள்ளையாக இருந்தால் வரன் பார்க்கும் காலத்தில் இந்தக் கறை மறுபடியும் பேச்சுக்கு வரும்.

இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அந்தக் கறை பல் விளக்காததால் வந்ததும் அல்ல. அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டுப் பானையில் எந்தத் தண்ணீர் இருந்தது என்பதன் பதிவு அது. இந்த நோய்க்குப் பல் புளோரோசிஸ் என்று பெயர். தண்ணீரில் கரைந்துள்ள புளோரைடு என்ற உப்பு அளவுக்கு மீறினால் இது வருகிறது.

30 ஆண்டு தேடல்

இந்தக் கறையின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பல் மருத்துவருக்கு 30 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் 1901இல் தொழில் தொடங்கினார் பிரடெரிக் மெக்கே. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பலருக்குப் பல் பழுப்பாக இருந்தது. பன்றி இறைச்சி அதிகம் சாப்பிடுவதால் என்றனர் சிலர், பால் சரியில்லை என்றனர் வேறு சிலர். பல் மருத்துவத்தில் பெரும் பெயர் பெற்ற ஜி. வி. பிளாக் என்பவரும் 1909இல் மெக்கேயுடன் சேர்ந்தார். பெரியவரான பின் அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வருவதில்லை என்பதை இருவரும் கவனித்தனர். அதனால் பல் உருவாகும் பருவத்திலேயே ஏதோ நடக்கிறது என்று புரிந்தது.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து மெக்கேக்கு அழைப்பு வந்தது. தொலைவில் இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வரத் தொடங்கியது என்று அந்த ஊர்த் தாய்மார்கள் சொன்னார்கள். அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தாய்மார்களின் பேச்சை நம்பி, அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார் மெக்கே. மாறினார்கள். சில ஆண்டுகளில் அடுத்த பிள்ளைகளுக்கு முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. காரணம் தெரிவதற்கு முன்பே தீர்வு கிடைத்துவிட்டது.

காரணம் 1931இல் வெளியே வந்தது. அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், கறை இருந்த ஊர்களின் தண்ணீரில் புளோரைடு அதிகம் இருப்பதைக் கண்டார். டிரெண்ட்லி டீன் என்ற அரசுப் பல் மருத்துவர் அதன் பிறகு ஊர் ஊராக அளந்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் கறை பெரிதாக வருவதில்லை, பல் சொத்தையும் குறைகிறது என்று காட்டினார். புளோரைடு அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லது, மிஞ்சினால் கேடு. உரத்துக்குச் சொல்வது இதற்கும் பொருந்தும்.

முதலில் கண்டவர்கள் உழவர்கள்

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்து உழவர்கள், உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் தடுமாறுவதைக் கவனித்தார்கள். அதே இறுக்கம் மனிதர்களிடமும் தென்பட்டது. 1937இல் எச். ஈ. ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள் இது புளோரைடால் வரும் நோய் என்று எழுதினர். கிண்டி கிங் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். சி. ஜி. பண்டிட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் 1940இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தண்ணீரைக் குடித்தாலும் சத்துக் குறைவான உணவு உண்பவர்களுக்குப் பாதிப்பு கடுமையாக இருப்பதைக் கண்டனர். வைட்டமின் சி குறைவையும் அவர்கள் குறிப்பாகச் சுட்டிக் காட்டினர். இன்று புளோரோசிஸ் நோயாளிக்கு மருத்துவர்கள் உணவு ஆலோசனை சொல்வதற்கான அடிப்படை அன்றே போடப்பட்டது.

நம் பாறையில் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் அடித்தளம் கடும்பாறை. அந்தப் பாறைக் கனிமங்கள் சிலவற்றில் புளோரைடு இயற்கையாகவே உண்டு. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் தண்ணீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. காரத்தன்மையும் சோடியமும் அதிகமாக, சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள தண்ணீரில் புளோரைடு தங்குவது அதிகம். சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும்.

ஏற்றக் கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்தில் குடித்தது பெரும்பாலும் மேல்மட்ட ஊற்று நீர். அது ஒவ்வொரு மழைக்கும் புதிதாகும். போர் போட ஆரம்பித்து, நீர்மட்டம் இறங்க இறங்க நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போய்ப் பாறைக்குள் பல காலம் கிடந்த நீரை எடுக்கிறோம். எல்லா போரிலும் புளோரைடு மிஞ்சியிருக்கும் என்பதில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் உள்ள இரண்டு போர்களில்கூட அளவு வேறுபடும். அதனால் சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

புளோரைடுக்கு நிறமோ வாசனையோ ருசியோ கிடையாது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். காரத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்பதால் சமைப்பவர்களுக்கு அது பிடித்தும் போகும். இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி.

பல்லுக்குள் நடப்பது

பல்லின் மேல் உறையை எனாமல் என்கிறோம். அது ஈறுக்குள் உருவாகும்போது முதலில் புரதத்தால் ஆன சாரம் கட்டப்படுகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து நிரம்பி, புரதம் வெளியேறுகிறது. புளோரைடு மிஞ்சினால் புரதம் சரியாக வெளியேறுவதில்லை. சூளையில் சரியாக வேகாத செங்கல் போல எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் சுண்ணாம்பு போல் வெளுத்துத் தெரிகிறது. முளைத்த பிறகு அந்தத் துளைகளில் உணவின் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. கடுமையான நிலையில் எனாமல் பொரிந்து குழி விழும்.

முன்பற்களுக்கு முக்கியமான காலம் ஏறத்தாழ 1 முதல் 3 வயது வரை. மற்ற நிலைப்பற்களுக்கு 8 வயது வரை. முன் நிலைப்பல் முளைப்பதோ 6 முதல் 8 வயதுக்குள். அதாவது, இரண்டாம் வகுப்பில் தெரியும் கறை இரண்டு வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு. 8 வயதுக்கு மேல் தண்ணீரை மாற்றினால் முளைத்த பல் மாறாது. ஆனால் பாதிப்பு பல்லோடு நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரைத் தொடர்ந்தால் எலும்பில் புளோரைடு சேர்ந்து கழுத்து, முதுகு, மூட்டு இறுகும். அதனால் பெரியவர்களுக்கும் தண்ணீர் மாற்றம் அவசியம்.

காவிரி வந்த பிறகு

இந்த நோயைக் கருத்தில் கொண்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருவது அதன் நோக்கம்.

திட்டம் வந்ததோடு வேலை முடிந்துவிடாது. காவிரித் தண்ணீர் தெருக்குழாய் வரை வந்தால் போதாது, பானைக்குள் வர வேண்டும். பல வீடுகளில் நடப்பது இதுதான். குழாயில் தண்ணீர் வரும் நாளில் காவிரி, வராத நாளில் போர். குடிக்கக் காவிரி, சமைக்கப் போர். மேல்நிலைத் தொட்டியில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. கேழ்வரகுக் களியும் சோறும் பருப்பும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வேகின்றன. சமைக்கும் தண்ணீரையும் நாம் சாப்பிடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடும்.

உங்கள் வீட்டுக்குக் காவிரி உண்மையிலேயே வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது. 2013க்கு முன் பிறந்த மூத்தவரின் முன்பல்லையும் அதற்குப் பின் பிறந்த இளையவரின் முன்பல்லையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூத்தவருக்குக் கறை இருந்து இளையவருக்கு இல்லையென்றால் தண்ணீர் மாறியதன் பலன் கிடைத்திருக்கிறது என்று நம்பலாம். இளையவருக்கும் அதே கோடுகள் இருந்தால் போர் தண்ணீர் இன்னும் சமையலறையில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தெருவில் 10 வீட்டில் இப்படிப் பார்த்தால் ஊராட்சியிடம் பேசுவதற்கு வலுவான காரணம் கிடைக்கும். அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவிலும் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்பதையும் கிராம சபையில் கேட்கலாம். முன்பல் உருவாகும் வயதுப் பிள்ளைகள் இருப்பது அங்கன்வாடியில்தான்.

செய்ய வேண்டியவை

* சோதனை: ஊராட்சியில் உள்ள களப் பரிசோதனைப் பெட்டியில் புளோரைடு சோதனையும் உண்டு. உறுதி செய்யத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீருக்குப் பார்ப்பது வழக்கமாகக் கார அமில நிலை, உப்பின் அளவு, சோடியம் போன்றவை. பாசனத்துக்கு ஏற்ற நீர் என்ற சீட்டைக் குடிக்க ஏற்ற நீர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

* பங்கீடு: காவிரித் தண்ணீர் குறைவாக வந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, தோட்டத்துக்குப் போர் தண்ணீர் போதும். அதனால் கெடுதல் இல்லை. பற்றாக்குறை நாளில் முதல் பங்கு 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு.

* மழைநீர்: கூரை நீரில் புளோரைடு மிகமிகக் குறைவு. 500 சதுர அடி கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும். வீணாவது போக 700 லிட்டர் பிடிக்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் என்றால் இது 28 நாளுக்கு வரும். முதல் மழையை விட்டுவிட்டு, மூடிய தொட்டியில் சேர்த்து, காய்ச்சிக் குடிக்க வேண்டும். போர் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால், அதில் ஒரு குடத்துக்கு இரண்டு குடம் மழைநீர் சேர்த்தால் அளவு 1க்கு இறங்கும்.

* சுத்திகரிப்பு: நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படிய வைக்கிறார்கள். அளவு தண்ணீருக்குத் தண்ணீர் மாறும் என்பதால் ஆய்வக வழிகாட்டல் இல்லாமல் வீட்டில் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடை நீக்கும். மெழுகுவத்தி வடிகட்டியும் துணி வடிகட்டியும் நீக்காது.

* உணவு: சுண்ணாம்புச் சத்து குடலிலேயே புளோரைடைப் பிடித்து வெளியேற்ற உதவும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால், மோர், முருங்கைக்கீரை ஆகியவையும் நல்லவை. வைட்டமின் சி சத்துக்கு நெல்லிக்காய், கொய்யா. ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் புளி 18 நாள் கொடுத்தபோது சிறுநீர் வழியாகப் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. ஆனால் புளி மட்டுமே தீர்வு ஆகாது. தண்ணீரை மாற்றுவதோடு சேர்ந்தால்தான் உணவு கைகொடுக்கும்.

* நீர் செறிவூட்டல்: தடுப்பணையில் தேங்கும் மழைநீர் நிலத்தடியில் இறங்கும்போது சுற்றியுள்ள கிணறுகளில் புளோரைடு நீர்த்துப் போவதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பண்ணைக்குட்டை, வரப்பு உயர்த்துதல், ஏரி தூர்வாரல் எல்லாம் பயிருக்கு மட்டுமல்ல, பல்லுக்கும் உதவும் வேலைகள்.

வாசகர் ஐயங்கள்

*என் மகளுக்கு 12 வயது. பல்லில் பழுப்புக் கோடுகள். அடுப்புக்கரி, செங்கல் பொடி போட்டுத் தேய்க்கலாமா?*

கூடாது. கறை எனாமலுக்குள் இருக்கிறது. சொரசொரப்பான பொடி எனாமலைத் தேய்த்துப் பல் கூச்சத்தைத்தான் தரும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். கறை மேலோட்டமாக இருந்தால் மெல்லிய மேல்படலத்தை மருந்தால் தேய்த்து எடுப்பார்கள், அல்லது வெளுக்கச் செய்வார்கள். ஆழமாக இருந்தால் பல் நிறப் பூச்சோ மெல்லிய உறையோ வைப்பார்கள். பற்பசைக் கம்பெனி விளம்பரத்தை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

*கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் புளோரைடு போகுமா?*

தாய் குடிக்கும் தண்ணீரில் அதிகம் இருந்தாலும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே வரும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது பல்லுக்கும் பாதுகாப்பு. போர் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

*வெற்றிலைக் கறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?*

வெற்றிலை, புகையிலைக் கறை பெரும்பாலும் ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் படியும். பல் மருத்துவர் சுரண்டினால் போகும். புளோரோசிஸ் கறை இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்குக் கோடாக இருக்கும், சுரண்டினால் போகாது. பாக்கு, குட்கா மெல்லுபவருக்கு வாய் முழுதாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது வேறு நோய். புற்றாக மாறும் வாய்ப்பு உள்ளதால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

*கன்றுகளுக்கும் வருமா? பயிர் வழியாக வருமா?*

கன்றுக்கும் வரும். பல் திட்டுத் திட்டாகி விரைவில் தேயும், கால் விந்தும். வளரும் கன்றுக்கு முடிந்தவரை நல்ல தண்ணீர் காட்டுங்கள், தாது உப்புக் கலவை கொடுங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிரைப் பொறுத்தவரை, கார மண் புளோரைடைப் பெரும்பாலும் பிடித்துவைத்துக்கொள்ளும். இத்தகைய நீரால் நிலத்துக்கு வரும் தொல்லை சோடியத்தால்தான். மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டுச் சரிசெய்யலாம்.

*எலும்பு பாதிப்பை வீட்டிலேயே கண்டறிய முடியுமா?*

முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது, முகவாயை நெஞ்சில் படவைப்பது, இரு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோப்பது. இவற்றைச் செய்ய முடியாமல் வலியும் இறுக்கமும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், குடிக்கும் தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள். வேறு நோய்களாலும் இப்படி வரலாம் என்பதால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தென்னங்கன்று வைத்தவர் காய்க்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறார். பானையில் இன்று தண்ணீரை மாற்றினால் அதன் பலன் தெரியவும் அதே ஐந்தாறு ஆண்டு ஆகும். இப்போது தவழும் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது கையால் வாயை மூடாமல் சிரிக்க வேண்டுமானால், போர் தண்ணீரை இந்த வாரமே சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.